பெஞ்சு வரிசையில் ஒரு கிராமம்: மிடில் ஊரின் உழவர் குடும்பங்கள்

முன்னுரை

ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தேன். அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே வரலாறு என்றால் மன்னர்கள், உடன்படிக்கைகள், ஆண்டுகள் என்றுதான் மனப்பாடம் செய்தோம். சாதாரணக் குடும்பங்களுக்கும் வரலாறு உண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் சமூக வரலாற்றுப் பாடம் எடுத்தேன். விரிவுரையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய நூலை இடுபணியாகப் பிரித்துக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஓர் உழவர் தம் ஊர்க் குடும்பங்களைப் பற்றி எழுதி வைத்த நூல். தோழிகளுக்கு மலாக்கா, கெடா என்று கிடைத்திருக்க, எனக்கு மட்டும் ஏன் இந்த ஊர் என்று வருந்தினேன். படித்து முடித்தபோது அந்த வருத்தம் இல்லை. அந்நூல் எனக்குக் கற்றுக் கொடுத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் உழவரும்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், வேல்ஸ் எல்லையை ஒட்டி ஷ்ராப்ஷயர் என்ற மாவட்டம் இருக்கிறது. அதன் முக்கிய நகரம் ஷ்ரூஸ்பரி. அந்நகருக்கு வடக்கே சில மைல் தொலைவில் உள்ள சிற்றூர்தான் மிடில். இடிந்த கோட்டையின் மிச்சமும் ஒரு பழைய தேவாலயமும் அங்கே உண்டு. மார்ட்டன், நியூட்டன், பால்டர்டன் போன்ற சிறு குடியிருப்புகள் எல்லாம் அந்த ஒரே தேவாலயத்தைச் சேர்ந்தவை. இப்படி ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்த்தொகுதியை இக்கட்டுரையில் ‘தேவாலய வட்டம்’ என்று குறிப்பிடுகிறேன். அக்காலத்தில் வழிபாடு மட்டுமல்லாமல் வரி, ஏழைகளின் பராமரிப்பு, சாலைப் பணி எல்லாமே அந்த வட்டத்தின் பொறுப்பாக இருந்தன.

அப்பகுதி கோதுமை வயல்களுக்குப் பேர்போனதன்று. காடும் சதுப்பும் நிறைந்த மண். மக்கள் மரங்களை வெட்டியும், ஏரிகளின் நீரை வடித்தும் புல்வெளிகளை உண்டாக்கினார்கள். மாடு வளர்ப்பதும் பாலும் பாலாடைக் கட்டியும் அவர்களுக்குப் பிழைப்பைத் தந்தன.

நூலை எழுதிய ரிச்சர்ட் காஃப், 1635இல் நியூட்டன் ஆன் தி ஹில் என்ற குடியிருப்பில் பிறந்தவர். அவர் குடும்பம் பல தலைமுறைகளாக அங்கே பயிர் செய்தது. அவர் ‘யோமன்’ வகுப்பைச் சேர்ந்தவர். சீமான் அல்லர், கூலியாளும் அல்லர். தம் நிலத்தைத் தாமே நடத்தி, ஓரளவு வசதியோடு வாழ்ந்த உழவரை அப்படி அழைத்தார்கள். ஊர்ப்பள்ளியில் இலத்தீன் கற்றவர். இளமையில் ஒரு நீதிபதியிடம் எழுத்தராக இருந்ததால் பத்திரங்களும் வழக்குகளும் அவருக்கு நன்கு தெரியும். பிறகு ஊரிலேயே உழவராக வாழ்ந்து, 1700ஆம் ஆண்டுவாக்கில், அறுபத்தைந்து வயதை ஒட்டிய நிலையில் பேனாவைக் கையில் எடுத்தார். 1723இல் மறையும் வரை அவ்வூர்க்காரராகவே இருந்தார்.

பெஞ்சு யாருக்குச் சொந்தம்?

ஒரு கிராமத்தின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது? நாமாக இருந்தால் ஊரின் பெயர்க்காரணத்திலிருந்து தொடங்குவோம். காஃபும் முதலில் எல்லைகள், தேவாலயம், கோட்டை, சட்டதிட்டங்கள் என்றுதான் தொடங்கினார். அடுத்ததாக அவர் எழுதிய பகுதிதான் புதுமையானது. தேவாலயத்தின் உட்புறத்தை வரைபடமாக வரைந்தார். ஒவ்வொரு பெஞ்சையும் குறித்தார். பிறகு முதல் பெஞ்சிலிருந்து தொடங்கி, அதில் உட்காரும் உரிமை எந்தப் பண்ணைக்கு, எந்த வீட்டுக்கு உண்டு, அங்கே யார் யார் வாழ்ந்தார்கள், அவர்கள் யாரை மணந்தார்கள், பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போனார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த இருக்கை மனிதருக்குச் சொந்தமானதன்று, பண்ணைக்குச் சொந்தமானது. பண்ணையை யார் வைத்திருக்கிறாரோ அவர் குடும்பம் அங்கே அமரும். முன்வரிசைகளில் பெரிய பண்ணைகள், அவற்றுக்குப் பின் நடுத்தர உழவர்கள், கடைசியில் குடிசைவாசிகள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குள் நுழைந்தால் ஊரில் யார் பெரியவர், யார் சிறியவர் என்பது உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே தெரிந்துவிடும்.

ஆகவே இருக்கைக்காகச் சண்டைகளும் நடந்தன. வரி கொடுக்காதவரும் சிறுவர்களும் வரி கொடுக்கும் பெரியவர்களுக்கு முன்னால் உட்காரலாமா என்று ஊரார் கூடிப் பேசியிருக்கிறார்கள். இத்தகைய சச்சரவில் தீர்ப்புச் சொல்ல, “அந்தப் பண்ணையில் முன்பு யார் இருந்தார்? அவர் எந்த பெஞ்சில் உட்கார்ந்தார்?” என்று அறிந்த ஒருவர் தேவை. முதியவர்களின் நினைவே சாட்சி. காஃப் தம் நினைவில் இருந்ததையும், முன்னோர் சொல்லக் கேட்டதையும், பத்திரங்களில் கண்டதையும் தாளில் இறக்கி வைத்தார்.

மூன்று உயிர்க் குத்தகை

குடும்பக் கதையை இவ்வளவு நுணுக்கமாக நினைவில் வைத்திருக்க இன்னொரு காரணமும் இருந்தது. அது நிலக் குத்தகை முறை. இந்நூலைப் புரிந்துகொள்ள இம்முறையை அறிவது மிகவும் அவசியம்.

மிடில் நிலத்தின் பெரும்பகுதி பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் குடும்பத்துக்கு உரியது. உழவர்கள் அவரிடம் குத்தகைக்கு எடுத்தார்கள். நமக்குத் தெரிந்த குத்தகை ஐந்தாண்டு, பத்தாண்டு என்று ஆண்டுக் கணக்கில் போகும். அங்கே பல குத்தகைகள் ‘மூன்று உயிர்’ கணக்கில் எழுதப்பட்டன. பத்திரத்தில் மூன்று பேரின் பெயர் இருக்கும். அந்த மூவரில் ஒருவராவது உயிரோடு இருக்கும் வரை நிலம் குடும்பத்தின் கையில் இருக்கும். மூவரும் இறந்தால் குத்தகை முடிந்தது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓர் உழவர் தம் பெயரையும், மனைவி பெயரையும், மூன்று வயது மகன் பெயரையும் எழுதுகிறார். தொடக்கத்தில் பெருந்தொகை ஒன்றைக் கட்டுகிறார். பிறகு ஆண்டு வாடகை மிகக் குறைவு. மகன் எழுபது வயது வரை வாழ்ந்தால் நிலம் கிட்டத்தட்ட எழுபது ஆண்டுகள் குடும்பத்தோடு இருக்கும். மாறாக, அம்மை நோயோ காய்ச்சலோ வந்து மகன் சிறு வயதில் இறந்துவிட்டால், தாய் தந்தையின் ஆயுளோடு நிலம் போய்விடும். அதைத் தடுக்க மறுபடியும் பணம் கட்டி, இறந்தவரின் இடத்தில் வேறு ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும். போதாக்குறைக்கு, குடியானவர் இறந்தால் அவருடைய சிறந்த மாட்டையோ பொருளையோ நிலப்பிரபு எடுத்துக்கொள்ளும் ‘ஹெரியட்’ என்ற வழக்கமும் பல இடங்களில் இருந்தது.

இதைப் படித்த அன்று நான் நெடுநேரம் யோசித்தேன். ஒரு பிள்ளையின் பெயரைப் பத்திரத்தில் எழுதும்போது அந்தத் தகப்பனின் மனம் எப்படி இருந்திருக்கும்? பிள்ளைகளில் யார் திடமானவர், யார் நோஞ்சான் என்று பார்த்துத்தானே எழுதியிருப்பார்? அங்கே பிறப்பும் இறப்பும் வெறும் குடும்பச் செய்திகள் அல்ல. ஊர் முழுவதும் கணக்கு வைத்திருக்க வேண்டிய செய்திகள். எந்தப் பண்ணையில் எத்தனை உயிர் மிச்சம் என்று அண்டை வீட்டாருக்கும் தெரியும். நிலப்பிரபுவின் ஆட்களுக்கும் தெரியும்.

எனவே காஃபின் நினைவாற்றலைக் கண்டு வியப்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. நிலமும் இருக்கையும் குடும்ப வரலாற்றைச் சார்ந்திருந்தன. அதனால்தான் அந்த வரலாறு மறக்கப்படாமல் இருந்தது.

உயர்ந்த குடும்பங்களும் தாழ்ந்த குடும்பங்களும்

காஃப் யாரையும் விட்டுவைக்கவில்லை. பெரிய பண்ணைகளில் ஒன்றான பால்டர்டன் ஹால் ஒரே குடும்பத்தில் நிலைக்காமல் பலர் கை மாறியதை அவர் வரிசையாகக் காட்டுகிறார். அதை வைத்திருந்தவர்களுள் ஒருவரான மைக்கேல் சாம்பர், சோம்பலாலும் ஒழுக்கக் கேட்டாலும் கெட்டார் என்று ஒளிவுமறைவின்றி எழுதுகிறார்.

தாமஸ் ஹேவர்ட் என்பவரின் கதை வேறு மாதிரி. ஷ்ரூஸ்பரிப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகளை மணந்தார். நல்ல சீதனம் வந்தது. ஆனால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. வீட்டில் நிம்மதி இல்லாமல் வெளியே சாப்பிடப் போனவர், நண்பர்களோடு மதுக்கடையிலேயே நேரத்தைக் கழித்தார். சொத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடைசியில் மூத்த மகன் ஆதரவில் வாழ வேண்டிய நிலை. ஊரார் அவர்மீது அன்பு வைத்திருந்தார்கள் என்பதையும் காஃப் சேர்த்தே எழுதுகிறார்.

வில்லியம் கிராஸ் என்ற உழவரும் அவர் மனைவியும் இருவருமே குடிப்பழக்கம் உள்ளவர்கள். முதலில் சீதனம் போனது. பிறகு மாடுகள் போயின. கடைசியில் குத்தகையும் விலை போனது. இன்னொரு வீட்டில் மனைவி மட்டும் நாள்தோறும் மதுக்கடைக்குப் போவார். அவர் வைத்த கடனுக்கு ஒரே தடவையில் 10 பவுன் வரை கணவர் கட்டியிருக்கிறார்.

இவற்றைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. கூடவே ஓர் ஐயமும் எழுகிறது. குடும்பம் கெட்டதற்குக் காஃப் எப்போதும் குடியையும் சோம்பலையும் காரணமாகச் சொல்கிறார். விளைச்சல் பொய்த்ததும், குத்தகையைப் புதுப்பிக்கப் பணம் கிடைக்காததும் காரணமாக இருந்திருக்கலாம் அல்லவா? நிலைத்து நின்ற குடும்பத்தில் பிறந்தவர், விழுந்தவரின் குணத்தைக் குறை கூறுவது எளிது. நம் ஊரிலும் “அவன் குடித்தே கெட்டான்” என்ற ஒரு வரியோடு பலருடைய வாழ்க்கை வரலாறு முடிந்துவிடுகிறது. நூலைப் படிப்பவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

போருக்குப் போன இருபது பேர்

1642இல் மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டது. அப்போது காஃப் சிறுவன். மிடில் குன்றின்மேல் ஆண்களை எல்லாம் வரவழைத்துப் படைக்கு ஆள் சேர்த்ததை அவர் நேரில் வேடிக்கை பார்த்தவர். மன்னருக்காகப் போரிடுவோர்க்கு வாரம் 14 குரோட் சம்பளம் என்று அறிவித்தார்கள். ஒரு குரோட் என்பது 4 பென்னி. அன்றைய கூலியாளுக்கு அது கவர்ச்சியான தொகைதான்.

மிடில், மார்ட்டன், நியூட்டன் ஆகிய மூன்று குடியிருப்புகளிலிருந்து மட்டும் 20 பேர் மன்னர் பக்கம் போனார்கள். அவர்களில் 13 பேர் கொல்லப்பட்டனர். காஃப் அந்த ஆட்களைப் பெயர் சொல்லியே பட்டியலிடுகிறார். தகப்பனும் மூன்று மகன்களுமாக ஒரே வீட்டிலிருந்து போனவர்கள் உண்டு. நாடாளுமன்றத்தின் பக்கம் போன சிலரில் ஜான் மோல்ட் என்ற இளைஞனின் காலில் குண்டு பாய்ந்தது. வாழ்நாள் முழுவதும் கோணல் காலோடு நடந்தான்.

பிறகு காஃப் ஒரு கணக்குப் போடுகிறார். இவ்வளவு சிறிய இடத்திலேயே 13 பேர் என்றால், இங்கிலாந்து முழுவதிலும் எத்தனை ஆயிரம் பேர் மாண்டிருப்பார்கள் என்று கேட்கிறார். பாடப்புத்தகங்கள் போர்க்களத்திலிருந்து தொடங்குகின்றன. அவரோ காலியான இருக்கையிலிருந்து தொடங்குகிறார். இந்நூலில் என்னை மிகவும் பாதித்த பகுதி இதுதான்.

கடைசி வரிசையில் இருந்தவர்கள்

மிடில் காட்டை அழித்த இடங்களில் வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் சிறு குடிசைகள் போட்டுக் குடியேறினார்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் மிகச் சிலராக இருந்த கூலியாட்கள், அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் ஊரில் கணிசமான கூட்டமாக வளர்ந்தார்கள். ஏழைகளைக் காக்கும் செலவும் உயர்ந்தது. தம் தந்தை சில பென்னி மட்டுமே கட்டிய ஏழை வரிக்குத் தாம் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 ஷில்லிங் கட்டுவதாகக் காஃப் அலுத்துக்கொள்கிறார்.

ஏழைகளை அந்தந்தத் தேவாலய வட்டமே காக்க வேண்டும் என்பது 1601ஆம் ஆண்டுச் சட்டம். வேற்றூரிலிருந்து வந்த ஏழையை அவருடைய சொந்த வட்டத்துக்கே திருப்பி அனுப்ப 1662ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. ஆகவே ஒருவர் நோயுற்றாலோ முதுமையடைந்தாலோ இரண்டு ஊர்கள் நீதிமன்றம் ஏறும். இவர் எங்கே பிறந்தார்? எங்கே ஓராண்டு முழுவதும் வேலை செய்தார்? யாரிடம் தொழில் பழகினார்? இத்தகைய வழக்குகளைக் காஃப் தம் நூலின் இறுதியில் தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்.

பணக்காரரின் குடும்ப வரலாறு குத்தகைக்காக நினைவில் வைக்கப்பட்டது. ஏழையின் வரலாறு, அவரை ஊரைவிட்டு அனுப்ப முடியுமா என்பதற்காகத் தோண்டி எடுக்கப்பட்டது. இரண்டும் ஒரே நூலில் இருக்கின்றன. ஆயினும் காஃபுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். கடைசி பெஞ்சு வரை அவர் எழுதினார். குடிசைவாசிகளுக்கும் பெயர் கொடுத்தார். முன்வரிசையோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் சீமான்களின் வம்சாவளியாக முடிந்திருக்கும்.

காஃப் சொன்னது உண்மையா?

முதியவரின் நினைவை அப்படியே நம்பலாமா என்று வகுப்பில் என்னிடம் கேட்டார்கள். இதற்கு விடை தந்தவர் டேவிட் ஹே என்ற வரலாற்றாசிரியர். 1974இல் அவர் மிடிலைப் பற்றித் தனி ஆய்வு நூல் வெளியிட்டார். தேவாலயப் பதிவேடுகள், உயில்கள், இறந்தவரின் உடைமைப் பட்டியல்கள், குத்தகைப் பத்திரங்கள் ஆகியவற்றோடு காஃப் கூறியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார். பெரும்பாலும் காஃப் நம்பத்தக்கவர் என்றே தெரிய வந்தது.

காஃப் உயிரோடு இருந்தவரை நூல் அச்சேறவில்லை. கையெழுத்துப் படியாகவே கிடந்து 1834இல்தான் முதலில் அச்சானது. 1981இல் ஹே பதிப்பித்த மலிவுப் பதிப்பு வந்தபின் உலகெங்கும் மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். தம் வீட்டுச் சண்டைகள் ஒருநாள் மலேசியாவில் இடுபணியாகும் என்று தாமஸ் ஹேவர்ட் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

முடிவுரை

என் பாட்டிக்கு இப்போது 81 வயது. பால்மரம் சீவிய தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே தோட்டம் விற்கப்பட்டு லயங்கள் இடிக்கப்பட்டன. எங்களுக்குக் குத்தகைப் பத்திரம் இல்லை. சொந்தமாக பெஞ்சும் இல்லை. வேலை போனால் வீடும் போய்விடும் நிலைமை. அதனால் யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட ஓர் அண்டை வீட்டுப் பெண்ணுக்காக, “இவள் பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்” என்று பாட்டி ஓர் அலுவலகத்துக்குப் போய்ச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். ஏழையின் வரலாறு எப்போது தேவைப்படுகிறது என்று காஃப் வழியாக நான் கற்றதை, பாட்டி முன்பே அறிந்திருந்தார்.

இடுபணியை முடித்த விடுமுறையில் ஒரு தாளில் லயத்தின் படத்தை வரைந்தேன். இருபது கதவுகள். “முதல் கதவில் யார் பாட்டி?” என்று கேட்டேன். அன்று மாலைக்குள் ஐந்து கதவுகளை முடித்தோம். குடித்துக் கெட்டவர் என்று பாட்டி சொன்ன ஒருவரைப் பற்றி, “அதற்கு முன்னால் அவருக்கு என்ன நடந்தது?” என்று மறுபடியும் கேட்டேன். மரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. இதுவரை பன்னிரண்டு கதவுகள் முடிந்துள்ளன. சில நாள்களாகப் பாட்டி பெயர்களை மாற்றிச் சொல்கிறார். ஒவ்வொரு வாரமும் ஊருக்குப் போய்விட முயல்கிறேன்.

அன்பு நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் இருப்பார். பொதுவாக “பழைய கதை சொல்லுங்கள்” என்று கேட்டால் அவருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. ஒரு படம் வரைந்து கொடுங்கள். லயமோ, கம்பமோ, கோயில் திருவிழாவில் குடும்பங்கள் நின்ற இடமோ, எதுவாக இருந்தாலும் சரி. முதல் வீட்டிலிருந்து தொடங்கிக் கடைசி வீடு வரை கேளுங்கள். கேட்டதை அன்றே தேதியோடு எழுதுங்கள். முடிந்தால் பிறப்புப் பத்திரம், பள்ளிப் பதிவு போன்றவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மிடில் கிராமத்து உழவர் ஒருவர் அறுபத்தைந்து வயதில் செய்ததை இருபத்திரண்டு வயதில் நாம் தொடங்கலாம். அவருக்கு எல்லாம் நினைவில் இருந்தது. நமக்கு நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.